கடல் நீர்நாயை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மகளைத் தூங்கவைக்க நானே இட்டுக்கட்டிய கதை ஒன்று உண்டு. அதில் வரும் குட்டி நீர்நாய்க்கு விளையாட்டைத் தவிர வேறு வேலையே கிடையாது. அம்மா கூப்பிட்டாலும் வராது. சரி, நிஜத்தையும் காட்டுவோமே என்று கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனோம். படகெல்லாம் வேண்டாம், கரையில் நின்றாலே தெரிகிறது.

ஒன்று மல்லாந்து கிடந்தபடி நெஞ்சில் கல்லை வைத்து, சிப்பியை அதன்மேல் டொக் டொக்கென்று அடித்தது. கரைவரைக்கும் சத்தம்! தின்று முடித்ததும் ஒரு உருளல். ஓட்டுத்துண்டெல்லாம் தண்ணீரோடு போயிற்று. இவள் "குட்டிக்கரணம்மா!" என்று கைதட்டுகிறாள். அது குளியல். திமிங்கிலம், சீல் மாதிரி இதற்குத் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடி வரை இருக்குமாம். அந்த அடர்த்திக்குள் சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அழுக்குப் பட்டால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதனால்தான் ஓயாமல் உருண்டு, தேய்த்து, ஊதிக்கொண்டே இருக்கிறது. சூடு குறையாமல் இருக்க உடல் எடையில் கால்வாசி அளவு தினமும் தின்றாக வேண்டும். இதில் விளையாட நேரம் ஏது!

கொஞ்சம் தள்ளி ஒரு தாய். குட்டியை நெஞ்சிலிருந்து இறக்கி மிதக்கவிட்டு முங்கிவிட்டது. குட்டியின் ரோமத்தில் அவ்வளவு காற்று, மூழ்க நினைத்தாலும் முடியாது. அது போட்ட கூச்சலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தாய் நண்டோடு மேலே வந்த பிறகுதான் ஓய்ந்தது. "கூப்பிட்டது குட்டிதானே? உன் கதை தப்பு" என்கிறாள் மகள்.

* * *

அக்கா, நாங்கள் பக்கத்திலேயே எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகத்தில் கயாக்கில், அதாவது சின்னத் துடுப்புப் படகில் போனோம். ஐந்து கயாக் நீளமாவது தள்ளி நிற்கச் சொன்னார் வழிகாட்டி. நீர்நாய் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தமாம். 2023-இல் சாண்டா குரூஸில் சர்ஃபிங் பலகைகளைப் பறித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்ததே 841 என்ற பெண் நீர்நாய், ஞாபகம் இருக்கிறதா? வீடியோ பார்த்து எல்லோரும் சிரித்தோம். ஆனால் பலகையையே கடித்துப் பிய்க்கிற பல் அது. மனிதரிடம் பயம் விட்டுப்போன நீர்நாய்க்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. செல்ஃபிக்காகக் கிட்டே போகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

* * *

தம்பி சொல்வது சரி. அந்தப் பயம் போகக்கூடாது என்றுதான் மான்டரே பே மீன் காட்சியகத்தில் தாயை இழந்த குட்டிகளுக்குப் பாலூட்டும் ஊழியர்கள் கருப்பு அங்கியும் வெல்டிங் முகமூடியும் போட்டுக்கொள்கிறார்கள். முகம் தெரியக்கூடாது. பிறகு காட்டுக்குத் திரும்ப முடியாத பெண் நீர்நாய் ஒன்றை வளர்ப்புத் தாயாக விடுவார்கள். சிப்பி உடைப்பதை அதுதான் கற்றுக்கொடுக்கும். அங்கே வளர்ந்து விடுவிக்கப்பட்டவை எல்க்ஹார்ன் ஸ்லூவிலும் உண்டு. நீங்கள் பார்த்ததில் ஒன்றிரண்டு அப்படிப்பட்டதாகவும் இருக்கலாம். உங்கள் மகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

* * *

சொன்னேன் அண்ணா. இப்போது கதையில் முகமூடி மாமா ஒருவர் வந்துவிட்டார். குட்டி நீர்நாயை ஓரங்கட்டிவிட்டு தினமும் அவர் கதைதான். போதாக்குறைக்கு வெல்டிங் முகமூடி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டு நச்சரிக்கிறாள்.