கொழும்பில் கொடுப்பனவில்லாத உள்ளகப் பயிற்சியா, பக்கத்துத் தோட்டக் காரியாலயமா?

கேள்வி: முகாமைத்துவ மாணவி, ஹட்டன்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கற்கும் மூன்றாம் வருட மாணவி நான். உள்ளகப் பயிற்சிக்கு இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று கொழும்பிலுள்ள பெரிய கம்பனியொன்றின் சந்தைப்படுத்தல் பிரிவு. அங்கு கொடுப்பனவு கிடையாது. போர்டிங், சாப்பாடு, பஸ் செலவு எல்லாவற்றையும் வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றையது எங்கள் பக்கத்துத் தோட்டத்தின் காரியாலயம். சிறிய கொடுப்பனவு தருவார்கள், வீட்டிலிருந்தே போய்வரலாம். பெரிய கம்பனியின் பெயர் இருந்தால்தான் நேர்முகத்தேர்வுக்கே அழைப்பார்கள் என்று நண்பிகள் சொல்கிறார்கள். கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைக்கும் அம்மாவிடம் கொழும்புச் செலவைக் கேட்க மனம் வரவில்லை. பயிற்சியால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கணக்காய்வுத் துறை, கண்டி

தங்கச்சி, பெயரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். என்ன வேலை தருவார்கள், செய்ததை யார் திருத்துவார்கள் என்று இரண்டு இடங்களிலும் கேளுங்கள். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், காசேட்டு மீதியையும் வங்கி மீதியையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கி இணக்கக் கூற்றைப் பரீட்சையில் பிழையில்லாமல் செய்தவர்கள்தான். ஆனால் உண்மையான காசேட்டையும் வங்கிக் கூற்றையும் முன்னால் வைத்தால் தடுமாறுகிறார்கள். ஏனென்றால் பரீட்சைத்தாளில் வித்தியாசத்துக்கான காரணங்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கும், இங்கோ எழுதிக் கொடுத்தும் இன்னும் வங்கிக்குப் போகாத காசோலை எது, காசேட்டில் பதியாமல் விட்ட வங்கிக் கட்டணம் எது என்று வவுச்சர் கோப்பைப் புரட்டித் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். பட்டயக் கணக்காளராவதற்குப் பரீட்சைகளோடு மேற்பார்வையிலான நடைமுறைப் பயிற்சியையும் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான்.

பதில் 2: தோட்டத்துறை உத்தியோகத்தர், பதுளை

தோட்டக் காரியாலயத்தைக் குறைவாக நினைக்காதீர்கள், மகள். தொழிலாளரின் வேலை நாட்களைப் பதியும் செக்ரோலைப் பார்த்துச் சம்பளம் போடுவதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதமும் தோட்டத்திலிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டத்திலிருந்து மட்டும் 3 சதவீதமும் அடுத்த மாத இறுதிக்குள் கட்டப்பட வேண்டும். அங்கத்துவ இலக்கத்தில் ஓர் எண் பிழைத்தால், உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவர் ஓய்வுபெற்ற பின் அந்தக் காசுக்காக அலைய நேரிடும்.

அதைவிட முக்கியமானது காசோட்டம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில்தான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது; அது தொழிற்சாலையை விட்டுப் போய், தரகர் மூலம் கொழும்பு ஏலத்தில் விற்கப்பட்டு, காசாகத் திரும்பி வருவதற்குச் சில வாரங்கள் ஆகும். சம்பள நாளோ அதற்காகக் காத்திருப்பதில்லை. அன்றாடச் செலவுகளைச் சமாளிக்கத் தேவையான பணத்தைத் தொழிற்படு மூலதனம் என்று விரிவுரையில் கேட்டதன் கனம் அந்த இடைவெளியில்தான் தெரியும். பெரிய கிளாக்கரிடம் கேட்டால் வருடக்கணக்கான பேரேடுகளை எடுத்துக் காட்டுவார், கேட்காமல் இருந்தால் கடிதம் தட்டச்சு செய்வதோடு பயிற்சி முடிந்துவிடும்.

பதில் 3: முன்னாள் முகாமைத்துவ மாணவி, நுவரெலியா

மேலே சொன்னவை கணக்கியலுக்குப் பொருந்தும். உங்கள் விருப்பம் சந்தைப்படுத்தல் என்றால், தேயிலையைத் தரகர் மூலம் ஏலத்தில் விற்கும் தோட்டத்தில் வாடிக்கையாளரைக் காணவே கிடைக்காது. அதற்குக் கொழும்புதான் வேண்டும் என்றும் இல்லை. நுவரெலியா ஹோட்டல்களின் முன்பதிவுப் பிரிவையும், ஹட்டன், பண்டாரவளை வங்கிக் கிளைகளையும் விசாரித்துப் பாருங்கள்.

முழுநேரமும் வேலை வாங்கிக்கொண்டு பஸ் காசுகூடத் தராமலிருப்பது நியாயமே இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே அப்படியான இடங்களுக்குப் போக முடிகிறது. மலையகப் பிள்ளைகள் திறமை இருந்தும் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கொழும்புக் கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதி, போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் கொடுப்பனவு தர முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால் அம்மாவைக் கடன்படுத்தி அங்கே போகாதீர்கள்.