ஹவானாவில் காலையில் லென்ஸ் முழுக்க ஆவி படிகிறது, உதவி தேவை

வழிப்போக்கன்:
நான்கு நாளாக ஹவானாவில் இருக்கிறோம். ஜூலை மாதம், பகலில் 32 டிகிரி வரை போகிறது, காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போல. பழைய ஹவானாவில் ஒரு வீட்டு மாடியில் அறை. விடியற்காலை வெளிச்சத்தில் பிளாசா வியேகா சதுக்கத்தைப் படம் எடுக்கலாம் என்று இறங்கினால், லென்ஸ் பாலாடை படிந்தது போல வெளுத்துவிடுகிறது. துடைத்தால் பத்து விநாடியில் மறுபடியும் அதே கதை. அரைமணி கழித்துத் தானாகத் தெளிகிறது, ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிடும்.

மிரர்லெஸ் கேமரா, சாதாரண ஜூம் லென்ஸ். பையில் மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால் நேற்று மட்டும் இந்தத் தொல்லையே இல்லை. லென்ஸ் கெட்டுவிட்டதா? நாளை இரவு கபானா கோட்டையில் ஒன்பது மணிக்குச் சுடும் பீரங்கியைப் படம் எடுக்க வேண்டும்.

மழைக்கோட்டு:
ராத்திரி அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். என் போன் ஒருமுறை அப்படித்தான் பிழைத்தது.

கூரைவீடு:
அரிசி வேண்டாம் நண்பரே, அந்தத் தூசு ஜூம் வளையத்துக்குள் போனால் அது தனித் தலைவலி. வழிப்போக்கன், இரண்டு கேள்வி. அறையில் ஏசி எத்தனையில் ஓடுகிறது? நேற்றைக்கு முந்தின இரவில் என்ன வித்தியாசம்?

வழிப்போக்கன்:
ஏசி 19. அன்று ராத்திரி கரன்ட் போய்விட்டது, ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கினோம். அட, அதுதானா?

கூரைவீடு:
அதேதான். லென்ஸ் கெடவில்லை, குளிர்ந்துபோயிருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பது போலத்தான் இதுவும். அந்த ஊரில் இந்த மாதம் காற்றின் பனிநிலை 24 டிகிரி பக்கத்தில் இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எதன்மேலும் ஈரம் படியும், உங்கள் கேமராவோ 19இல் இருக்கிறது. கரன்ட் போன இரவில் அது வெளிக்காற்றின் சூட்டிலேயே கிடந்தது, அதனால் வேர்க்கவில்லை.

படுக்கும் முன் ஏசி அறைக்குள்ளேயே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி மூடுங்கள். காலையில் மூடியபடியே பால்கனியில் நிழலில் முக்கால் மணி நேரம் வையுங்கள். பைக்கு வெளியே வேர்க்கும், உள்ளே வேர்க்காது. கேமரா சூடாகும் முன் பையைத் திறக்காதீர்கள். ஆவி படிந்திருக்கும்போது லென்ஸைக் கழற்றினால் ஈரக்காற்று சென்சார் வரை போய்விடும், அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள்.

சிலிக்கா ஜெல் திறந்த பையில் கிடந்தால் ஒரே நாளில் ஈரம் குடித்துச் செத்துவிடும். மூடிய பைக்குள் போட்டால்தான் பயன்.

நாளைக்கும் இதே கண்ணிதான். மதியம் ஏசியில் தூங்கிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் பீரங்கியும் வெள்ளையாகத்தான் வரும். துறைமுகத்துக்கு அடியில் போகும் சுரங்கச்சாலை வழியாகத்தான் டாக்ஸி போகும். ஏசி இல்லாத பழைய காராகப் பாருங்கள், கேமராவுக்கு அதுதான் நல்லது.

உப்புக்காற்று:
ஒன்று சேர்க்கிறேன். மலெகோன் கடற்சுவரில் அலை தெறித்தால் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்பு கீறிவிடும். துணியை நல்ல தண்ணீரில் நனைத்து ஒற்றிவிட்டு, அப்புறம் உலர்ந்த துணி.

வழிப்போக்கன்:
வேலை செய்தது! மாலை ஏழுக்கே பையோடு பால்கனியில் வைத்துவிட்டேன். பையின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர், உள்ளே கேமரா காய்ந்தபடி. 18ஆம் நூற்றாண்டுச் சீருடையில் வந்து பீரங்கியைக் கொளுத்தினார்கள். தொடர்ந்து அமுக்கியதில் ஒரே ஒரு ஃபிரேமில் தீ விழுந்திருக்கிறது, அது போதும்.

கடைசியாக ஒன்று. ஊர் திரும்பியதும் லென்ஸில் பூஞ்சை வந்துவிடுமா?

கூரைவீடு:
ஈரத்தோடு தோல்பையில் மூடிவைத்தால் வரும். பையிலிருந்து எடுத்து, 40-50 சதவீத ஈரப்பதத்தில் டிரை பாக்ஸில் வையுங்கள். இல்லாவிட்டால் இறுக்கமான டப்பாவும் புது சிலிக்கா ஜெல்லும் போதும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள்.