நில அதிர்வைத் தாங்குமா என்று பழைய பில்லரை உடைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? (சேலம், ஏற்காடு)

செவ்வாய்ப்பேட்டை மளிகை:
கடை 1984இல் அப்பா கட்டியது. மேலே இரண்டு மாடி வீடு, கீழே முன்பக்கம் முழுக்க ஷட்டர். மகள் சிவில் படிக்கிறாள், அவள் விடாமல் சொன்னதால் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரை வரவழைத்தோம். கான்கிரீட்டின் உறுதியைக் காட்டும் ரீபவுண்ட் ஹேமரில் தட்டிப் பார்த்தார், நம்பர் நன்றாகவே வந்தது. அப்புறம் மூலை பில்லரில் ஒரு சாண் அளவுக்கு உடைக்கச் சொன்னார். உள்ளே முறுக்குக் கம்பி, அந்த நெடுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் அடிக்கு ஒன்றுதான். ரிங்கின் முனையை உள்பக்கம் மடக்காமல் 90 டிகிரியில் அப்படியே விட்டிருந்தார்கள். விரலைக் கொடுத்து நெம்பினார், முனை அசைந்து வெளியே வந்தது. "ஆட்டம் வந்தா மேல்தோல் கான்கிரீட் உதிரும், இது வாயைத் திறந்துக்கும், நெடுக்கம்பி பிதுங்கிடும்" என்றார். அப்பா தினமும் சாய்ந்து கணக்கு எழுதுவது அந்தப் பில்லரில்தான். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அஸ்தம்பட்டி 7:
நாற்பது வருஷமாக நிற்கிற கட்டடத்தை எதற்குக் கொத்துகிறீர்கள்? சேலம் பாறை பூமி. நானும் டெஸ்ட் எடுத்தேன், ஹேமர் நம்பர் நன்றாக வந்தது, அதோடு விட்டுவிட்டேன். அந்தக் காலத்து மேஸ்திரி வேலை சுத்தம்.

ஏற்காடு மழை:
எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. பள்ளத்துப் பக்கம் பத்தடி உயரக் கால்கள், மேட்டுப் பக்கம் இரண்டடிதான். ஒல்லியாக உயர்ந்து நிற்கும் கால்களைப் பார்த்துத்தான் எனக்கு எப்போதும் பயம். பார்க்க வந்த இன்ஜினியர் அவற்றைத் தாண்டிப் போய், காப்பி காயவைக்கும் களத்தை ஒட்டிய குட்டைக் காலில் சாக்பீஸால் வட்டம் போட்டார். நெட்டைக் கால் வளைந்து கொடுக்குமாம், குட்டை வளையாதாம், அதனால் விசை முழுக்க அதன் தலையில் இறங்குமாம். இத்தனை வருஷம் தப்பான காலைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

கம்பிக்கட்டு:
அஸ்தம்பட்டி சார், மன்னிக்கணும், நீங்கள் சொல்வது சரியில்லை. 2016 விதிநூலின்படி சேலம் நில அதிர்வு மண்டலம் 3இல், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதியில் வருகிறது. பக்கத்துக் கோயம்புத்தூரிலேயே 1900 பிப்ரவரி 8இல் பெரிய ஆட்டம் வந்தது. 2001இல் குஜராத்தில் பூஜ் ஆடியபோது இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் விழுந்தவற்றில் பல, கீழே பார்க்கிங்குக்காகச் சுவரில்லாமல் விட்ட அடுக்குமாடிகள். மளிகைக்காரர் சொல்லும் ஷட்டர் கடையும் அதே ஜாதிதான். மேஸ்திரியைக் குறை சொல்லவில்லை. இதற்கென்று தனி விதிநூல், ஐஎஸ் 13920, வந்ததே 1993இல்.

ஹேமர் நம்பரையும் நம்பாதீர்கள். பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றுப்பட்டு இறுகியிருக்கும், நம்பர் கூடத்தான் காட்டும். அம்மாபேட்டையில் ஒரு கட்டடத்தில் நான் கூடவே நின்று பார்த்தேன். கான்கிரீட்டை உருளையாகத் துளைத்துக் கோர் எடுத்து, காரம் இருக்கிறதா என்று காட்டும் பினால்ப்தலீன் திரவத்தைத் தெளித்தார்கள். காரம் குறையாத கான்கிரீட் என்றால் ரோஸ் நிறம் வரும். கம்பியைத் தாண்டியும் நிறமே வரவில்லை.

மளிகை அண்ணா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஜாக்கெட்டிங், அதாவது பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போர்த்துவது, பூச்சு வேலை ஆளைக் கூப்பிட்டு சிமெண்ட் பூசுவது இல்லை. முதலில் தளத்துக்கும் பீமுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். பழைய பரப்பை ஜல்லி தெரியும்வரை கொத்தி, துருவைச் சுரண்டி, புதுக் கம்பியைத் தளத்தில் ஓட்டை போட்டு மேல்மாடி வரைக்கும் ஏற்ற வேண்டும். தளத்தோடு வெட்டி நிறுத்தினால் பில்லர் தடிக்குமே தவிர, பீமோடு சேரும் மூட்டு பழையபடிதான் இருக்கும். ரிங் முனை 135 டிகிரி உள்ளே மடங்கணும். பில்லரின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மூலை பில்லரை மட்டும் பலப்படுத்தினால் விசை அங்கே குவியும், ஆகவே கட்டடம் முழுவதற்கும் கணக்குப் போடச் சொல்லுங்கள், அஸ்திவாரத்தையும் சேர்த்து. முடிந்தால் ஒரு ஷட்டரை எடுத்துவிட்டு அடியிலிருந்து கான்கிரீட் சுவர் ஏற்றலாம்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை:
நன்றி தம்பி. ஜாக்கெட் பக்கத்துக்கு 4 அங்குலம் என்கிறார் இன்ஜினியர், ஒன்பது அங்குலப் பில்லர் பதினேழாகும். ஷட்டர் தடத்தை மாற்றணும். எந்த ஷட்டரை எடுப்பது என்று அப்பாவிடம் இன்று ராத்திரி பேசுகிறேன். மேசையைப் பின்பக்கம் நகர்த்தியாயிற்று, அவருக்கு இன்னும் காரணம் சொல்லவில்லை.