டிஎஸ்எல்ஆரை வெப்கேமாக மாட்டினால் கொஞ்ச நேரத்தில் படம் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கணக்கு டீச்சர், கோத்தகிரி

வணக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கு ஆன்லைனில் எடுக்கிறேன். பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். லேப்டாப் கேமராவில் என் முகம் தெரிகிறதே தவிர, நோட்டில் எழுதுவது தெரிவதில்லை. மதியம் மூன்று மணிக்கு மிஸ்ட் இறங்கினால் அறையே இருட்டாகி, முகமும் புள்ளி புள்ளியாகிவிடும்.

தம்பி கல்யாண வீடுகளில் படமெடுத்த பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) அலமாரியில் கிடந்தது. கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 கிட் லென்ஸ். கேமரா கம்பெனி இலவசமாகத் தரும் வெப்கேம் மென்பொருளைப் போட்டு, யுஎஸ்பியில் இணைத்தேன். வகுப்பெடுக்கும் ஜூம் செயலியில் பாதி நேரம் 'கேமரா இணைக்கப்படவில்லை' என்கிற படம்தான் வருகிறது. அதிசயமாக வந்தாலும் கொஞ்ச நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. போதாததற்கு, எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிகிறது. கேபிளை இரண்டு முறை மாற்றிவிட்டேன். மென்பொருளை எத்தனை முறை அழித்துப் போட்டேன் என்று கணக்கில்லை.

குன்னூர்க்காரி

இதற்கு எதற்கு டீச்சர் இவ்வளவு பாடு? போனை ஸ்டாண்டில் மாட்டினால் போதுமே. ஆண்ட்ராய்டு 14-லிருந்து சில போன்களில் கேபிள் போட்டதும் 'வெப்கேம்' என்றே ஒரு தேர்வு வருகிறது.

கணக்கு டீச்சர், கோத்தகிரி

அதையும் பார்த்துவிட்டேன். நடுவில் யாராவது பெற்றோர் போன் அடிப்பார்கள். இருபடிச் சமன்பாடு பாதியில் நிற்கும்.

ஸ்டூடியோக்காரன், ஊட்டி

டீச்சர், மூன்றாவது கேபிள் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். படம் வந்த நொடியிலிருந்து நிற்கிற நொடி வரை கடிகாரம் பாருங்கள். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரம் என்றால் கேபிள், லூசான சாக்கெட், சூடு என்று தேடலாம். மூன்று தடவையும் ஒரே நேரம் என்றால் அது பழுதே இல்லை, யாரோ வைத்த செட்டிங். கேமரா மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப் என்று ஒன்று இருக்கும், கொஞ்ச நேரம் பட்டனைத் தொடாவிட்டால் கேமராவைத் தானாக அணைத்துவிடும்.

'இணைக்கப்படவில்லை' என்று வருவது வேறு கதை. யுஎஸ்பியில் கேமராவை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடித்துக்கொள்ள முடியும். தம்பி கல்யாணப் படங்களை இறக்க ஒரு மென்பொருள் போட்டிருப்பார். கேமராவைச் செருகியதும் அது தானாக எழுந்து முந்திக்கொள்ளும். திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக உட்கார்ந்திருக்கும், பாருங்கள். பிரவுசரில் கூகுள் மீட் திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். கேமராவில் வைஃபை இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது யுஎஸ்பி வேலை செய்யாத மாடல்கள் நிறைய.

இடவலம் மாறுவது உங்களுக்கு மட்டும்தான். ஜூம் உங்கள் படத்தை உங்களுக்கு மட்டும் கண்ணாடி மாதிரி காட்டுகிறது, பிள்ளைகளுக்கு நேராகவே போகிறது. உறுத்தினால் வீடியோ செட்டிங்கில் மிரர் என்பதை எடுத்துவிடலாம்.

லினக்ஸ்காரன், கொடைக்கானல்

உபுண்டுவிலும் இதே வியாதிதான். ஜிஃபோட்டோ2 என்கிற இலவச மென்பொருளைப் போட்டு, கேமராப் படத்தை வெப்கேம்போலக் காட்டும் லூப்பேக் வழியாக ஓட்டினால் கம்பெனியிடம் எந்த மென்பொருளையும் கேட்க வேண்டாம். ஆனால் கேமராவைச் செருகியதும் ஃபைல் மேனேஜர் அதை பென்டிரைவ்போலத் திறந்து வைத்துக்கொள்ளும். அதை அன்மவுண்ட் செய்தால்தான், அதாவது ஃபைல் மேனேஜரிடமிருந்து விடுவித்தால்தான், ஜிஃபோட்டோவுக்குக் கிடைக்கும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாக்கினேன்.

கணக்கு டீச்சர், கோத்தகிரி

மூன்று தடவையும் நாலு நிமிடம்! மெனுவில் பார்த்தால் ஆட்டோ பவர் ஆஃப் நாலு நிமிடத்தில்தான் இருந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மூலையில் ஐகானும் இருந்தது, மூடினேன், உடனே படம் வந்தது. நன்றி அண்ணா.

இன்னும் இரண்டு சந்தேகம். பேட்டரிக்கு என்ன செய்வது? அரை மணி நேரத்துக்கு மேல் கேமரா ஓடாது என்கிறான் தம்பி, நிஜமா? அப்புறம் டியூப்லைட் போட்டால் நோட்டில் கறுப்புப் பட்டைகள் மேலேயும் கீழேயும் ஊர்கின்றன.

ஸ்டூடியோக்காரன், ஊட்டி

தம்பி சொல்வது கார்டில் பதிவு செய்யும்போது. பழைய கேமராக்களில் 29 நிமிடம் 59 விநாடியில் பதிவு நிற்கும். நீங்கள் பதிவு செய்யவில்லை, அதனால் அந்த வரம்பு உங்களுக்கு இல்லை.

பட்டைகள் வருவது நம் ஊர்க் கரண்டால். 50 ஹெர்ட்ஸ், அதாவது விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. மூவி மோடில் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) மேனுவலாக்கி, ஷட்டரை 1/50 விநாடியில் வையுங்கள். 1/60-ல் வைத்தால் பட்டை ஊரும். ஃபோகஸையும் லென்ஸிலேயே எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்வது) தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கை நகரும்போதெல்லாம் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். கேமராவைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் கிட் லென்ஸின் ஜூம் வளையம் தன் கனத்தில் நழுவும், ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ட்ரைபாட்டின் நடுக்கம்பியில் ஒரு செங்கல்லைப் பையில் போட்டு மாட்டுங்கள். படம் தலைகீழாக வந்தால் ஜூம் செயலியிலேயே திருப்பலாம்.

பேட்டரிக்கு டம்மி பேட்டரி என்று கேளுங்கள். பேட்டரி வடிவத்தில் ஒரு கட்டை, அதிலிருந்து ஒயர் வந்து அடாப்டரில் சேரும். யுஎஸ்பி கேபிள் இந்தப் பழைய கேமராக்களுக்குக் கரண்ட் தராது. லைவ் வியூ, அதாவது படத்தை விடாமல் நேரலையாகக் காட்டுவது, பேட்டரியைக் குடிக்கும், நம் குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும். வாங்கும்போது உங்கள் மாடலுக்கானதா, வோல்டேஜ் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில் மலிவுச் சரக்கு எடுக்காதீர்கள், கேமராவே போய்விடும்.

குன்னூர்க்காரி

டம்மி போட்டால் கரண்ட் போன அந்த நொடியே கேமரா அணையும் டீச்சர். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போகாத வாரம் உண்டா? அசல் பேட்டரியைச் சார்ஜ் செய்து பக்கத்திலேயே வையுங்கள். மோடத்துக்கு ஒரு குட்டி யுபிஎஸ்ஸும் வேண்டும்.

கணக்கு டீச்சர், கோத்தகிரி

நேற்று ஒன்றே கால் மணி நேர வகுப்பு, பேட்டரியை ஒரே தடவைதான் மாற்றினேன். டம்மி ஆர்டர் போட்டாயிற்று. கேமராவிலிருந்து சத்தம் வராததால் இயர்போன் மைக்கையே வைத்துக்கொண்டேன். படம் இப்போது எவ்வளவு தெளிவு என்றால், நோட்டு ஓரத்தில் டீ டம்ளர் வைத்த வட்டத்தைப் பார்த்து, "மிஸ், அதன் பரப்பளவு கண்டுபிடிக்கவா?" என்று மஸ்கட் பையன் கேட்கிறான்.

ஒன்று மட்டும். லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஓரத்தில் வெள்ளை நூல்போல இரண்டு இழை. துடைத்தும் போகவில்லை.

ஸ்டூடியோக்காரன், ஊட்டி

பூஞ்சை. கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது, வெளியில் துடைத்துப் பயனில்லை. இரண்டு இழை வீடியோவில் தெரியாது, விடுங்கள். ஆனால் அந்த அலமாரிக்குத் திரும்ப வேண்டாம். வகுப்பு முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போட்டு மூடுங்கள்.