வெள்ளத்தில் கைகொடுத்த டின்னும் சாக்கும் டியூப்பும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லாபிஸ் தோட்டத்துக்காரர்:

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளம் வந்த 2006 டிசம்பர், 2011 ஜனவரி, 2023 மார்ச் என்று சொன்னாலே போதும், வேறு விளக்கம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் பொம்பா (தீயணைப்புப் படை) படகு வந்து சேரும்வரை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஜனங்கள் கையில் கிடைத்ததை வைத்துத்தான் சமாளித்தார்கள். யார் எதைச் செய்தார்கள், எது தாங்கியது, எது காலை வாரியது என்று ஓர் இடத்தில் எழுதி வைக்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கடையில் விற்கும் அவசரப் பையை வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆனால் பின்கட்டில் சும்மா கிடக்கும் சாமான்களின் அருமை பலருக்குத் தெரியாமலே இருக்கிறது.

என் பங்குக்கு நெருப்பு. 2023இல் எங்கள் பக்கம் சாலை மூடிக் கிடந்தது, கேஸ் தோம்பு (சிலிண்டர்) தீர்ந்துவிட்டது, விறகெல்லாம் ஈரம். மாமா போய் ஒட்டுப்பால் கொண்டுவந்தார். கித்தா (ரப்பர்) மரத்து வெட்டுக்கோட்டில் நாடா மாதிரி காய்ந்து ஒட்டியிருக்குமே, அதுதான். விரல் நீளத் துண்டு இரண்டு போதும். நனைந்திருந்தாலும் துடைத்துவிட்டுப் பற்ற வைத்தால் எரியும், தூறலிலும் சட்டென்று அணையாது. கரும்புகையும் நாற்றமும் உண்டு. அதனால் விறகு நன்றாகப் பிடித்து அந்தப் புகை அடங்கிய பிறகே சட்டியை ஏற்ற வேண்டும். செம்பனைக்கு (பாமாயில் மரம்) மாறிவிட்ட தோட்டங்களில் பழைய சைக்கிள் டியூப்பை நறுக்கினால் அதே வேலை செய்யும்.

ஈர விறகை அப்படியே அடுப்பில் வைக்காதீர்கள். பாராங் கத்தியால் நடுவே பிளந்து, ஈரமான மேல்பகுதியைச் சீவி எறிந்துவிட்டால் உள்கட்டை காய்ந்திருக்கும். அதையும் பென்சில் மொத்தத்துக்குச் சீவிக்கொள்ள வேண்டும். செம்பனை ஆலைகளில் கொதிகலனுக்கே நாரும் கொட்டை ஓடும்தான் எரிபொருள். ஒரு சாக்கு ஓடு வாங்கிப் பரணில் போட்டு வைத்தவர்களுக்கு அந்த வாரம் விறகுக் கவலையே வரவில்லை.

அடுப்புக்குப் பெரிய மைலோ டின். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சுற்றிலும் ஆணியால் ஓட்டை போடுங்கள். ஒரு பக்கம் விறகு நுழைய வாசல் வெட்டுங்கள். மேல் விளிம்பையும் நாலைந்து இடத்தில் வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் சட்டி உட்கார்ந்த பிறகும் புகை போக வழி இருக்கும். காற்று கீழிருந்து மேலே இழுக்கும், கொஞ்சம் குச்சியிலேயே கஞ்சி கொதித்துவிடும். இதை அஞ்சடியில், அதாவது திறந்த முன்தாழ்வாரத்தில் வைத்து மூட்டுங்கள். மழைக்குப் பயந்து கதவு ஜன்னலை மூடிக்கொண்டு அறைக்குள் மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

அடுத்தவர்கள் சொல்லுங்கள்.

பெக்கோக் லோரிக்காரர்:

தம்பி, நல்ல காரியம் தொடங்கியிருக்கிறீர்கள். நான் மிதவையைப் பற்றிச் சொல்கிறேன்.

லோரி டியூப்பைக் காற்றடித்து வைத்தால் அதைவிட நல்ல மிதவை தோட்டத்தில் கிடையாது. ஆனால் அதன் வால்வு வெளியே நீட்டிக்கொண்டு பிள்ளைகளின் வயிற்றைக் கிழித்துவிடும். பழைய துணியை அதன்மேல் நாலு சுற்றுச் சுற்றி ரப்பர் பட்டையால் கட்டிவிட வேண்டும். அந்தப் பட்டையும் டியூப்தான். ஓட்டை விழுந்த டியூப்பைக் கத்தரிக்கோலால் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போனால் நீளமான நாடா கிடைக்கும். இழுத்துக் கட்டினால் முடிச்சே தேவையில்லை, தன்னைத் தானே கவ்விக்கொள்ளும். ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிறு முடிச்சுப் போட்ட இடத்தில் அறுந்துவிடும், மூன்று இழையாகப் பின்னினால் ஒழிய நம்பாதீர்கள்.

மூடி இறுக்கிய காலி ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடையை மிதக்க வைக்கும். தண்ணீரில் இருக்கும் பெரியவரின் தலை மேலே நிற்க ஐந்தாறு கிலோ மிதப்பு போதும். அதனால் ஆறு பாட்டிலைச் சாக்கில் கட்டி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டால் தாராளம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், மயங்கியவரின் முகத்தை இது மேல்பக்கம் திருப்பாது. உண்மையான மிதவைச் சட்டைக்கு இது ஈடாகாது.

இப்போது வாழைமரத் தெப்பம். எங்கள் அப்பா கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆறேழு வாழைமரத்தை வெட்டி, அடிப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறி மாறி வரும்படி அடுக்குவார். கயிறு போட மாட்டார். கயிறு வாழையை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்பார். மூங்கிலைக் கூராகச் சீவி, எல்லா மரத்தையும் குறுக்கே துளைத்து மூன்று இடத்தில் கோத்துவிடுவார். பாராங் ஒன்றுதான் கருவி. அரிசி மூட்டை, துணி, கோழிக்கூண்டு எல்லாம் அதில்தான் மேட்டுக்குப் போனது. ஓரிரு நாளில் வாழை தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், அதை மறுபடி பயன்படுத்தக்கூடாது.

எல்லாம் நின்ற தண்ணீருக்குத்தான். ஓடுகிற தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேல், அதாவது 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சின்னக் கார் மிதக்கும், 60 வந்துவிட்டால் லோரி ஓட்டும் நானே சொல்கிறேன், எந்த வண்டியையும் இறக்காதீர்கள். பாலத்துப் பக்கம் தெப்பத்தோடு போவதும் அப்படித்தான். 999 அழைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி (தாதி), சாஆ:

அண்ணன் தண்ணீரில் மிதப்பதைச் சொன்னார், நான் குடிப்பதைச் சொல்கிறேன். வெள்ளம் வடிந்த பிறகு கிளினிக்குக்கு வருவது வயிற்றுப்போக்கும் எலிக் காய்ச்சலும்தான். முதலாவது குடிநீரால், இரண்டாவது எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியாகப் போவதால். பூட்ஸ் இல்லாதவர்கள் காலில் பிளாஸ்டிக் பையை மாட்டி, மேலே டியூப் பட்டையால் கட்டிக்கொண்டு சேற்றைக் கழுவியதைப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் கிழிந்துவிடும், ஆனாலும் வெறுங்காலைவிட மேல்.

கூரைத் தண்ணீர் பிடிக்கலாம். முதல் மழையில் எலி எச்சமும் தூசும் அடித்துக்கொண்டு வரும், அதைக் கொட்டிவிடுங்கள். கேன்வாஸை நாலு மூலையில் கட்டி நடுவில் ஒரு கல்லைப் போட்டுத் தாழ்த்தினால் அதைவிடச் சுத்தமாகக் கிடைக்கும். அப்புறம் பழைய பருத்திச் சேலை. துவைத்துத் துவைத்து நைந்த சேலையாக இருந்தால் இன்னும் நல்லது. நாலு மடிப்பு மடித்து அதன் வழியாக வடிகட்டுங்கள். இது பாட்டி வைத்தியம் இல்லை. வங்காளதேசத்துக் கிராமங்களில் நுண்ணுயிரியல் ஆய்வாளர் ரீட்டா கோல்வெல் குழு இதையே சோதித்து 2003இல் வெளியிட்டது, காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்களைத் துணி பிடித்துக்கொள்கிறது. ஆனால் 48 என்றால் மிச்சம் பாதிக்கு மேல் இருக்கிறது. அதனால் வடிகட்டிய பிறகு கொதிக்க வைக்க வேண்டும், தளதளவென்று ஒரு நிமிடம். விறகில்லை என்றால் துணி வெளுக்கும், வாசனை சேர்க்காத சாதாரண குளோராக்ஸ் லிட்டருக்கு இரண்டு சொட்டு, கலங்கலாக இருந்தால் நாலு, அரை மணி நேரம் விட்டுக் குடிக்கலாம். தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்துச் சுத்தமாக்கும் முறை அடைமழைக் காலத்தில் உதவாது.

அடுத்தது உரச்சாக்கு. அடி மூலை இரண்டையும் வெட்டி, செம்பனைக் குலை வெட்டும் கம்பு இரண்டை உள்ளே நுழைத்தால் தூக்குக் கட்டில். மூன்று சாக்கு வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கட்டும். நோயாளியை ஏற்றும் முன் திடமான ஒருவரைப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். சாக்கை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள், உரம் புண்ணில் பட்டால் எரியும். அலுமினியக் கம்பாக இருந்தால் மின்கம்பிக்குக் கீழே நிமிர்த்திப் பிடிக்கவே கூடாது.

குளுவாங் மோட்டார் மெக்கானிக்:

சின்னத் தகவல்தான். கைப்பேசி சார்ஜுக்கு மோட்டார் பேட்டரி போதும். தண்ணீர் ஏறும் முன்பே கழற்றி மேலே வையுங்கள், கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். காரில் செருகும் சார்ஜரின் நடுமுனைக்குப் பிளஸ், பக்கத்துத் தகட்டுக்கு மைனஸ் கொடுத்தால் வேலை முடிந்தது. 12 வோல்ட் 5 ஆம்பியர் மணி பேட்டரியை முழுக்கக் காலி செய்யாமல் கைப்பேசியை இரண்டு தடவை நிரப்பலாம்.

யோங் பெங் வாசகி:

விளக்கு பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் பாட்டி 1942இலிருந்து 1945 வரை ஜப்பான்காரன் காலத்தைத் தோட்டத்திலேயே கழித்தவர். மரவள்ளிக் கிழங்கு, சாக்குத் துணி, தேங்காய் எண்ணெய் விளக்கு, இதுதான் அவர் சொல்லும் கதை. 2011இல் கரண்டு போனபோது அந்த விளக்கையே எங்களுக்குச் செய்து காட்டினார். கண்ணாடிக் குவளையில் பாதி தண்ணீர், மேலே ஒரு விரல் உயரத்துக்குச் சமையல் எண்ணெய். கம்பியைச் சுருட்டி, பழைய வேட்டித் திரியை எண்ணெய் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி மாட்ட வேண்டும். சமையல் எண்ணெய் திரியில் அதிகம் ஏறாது, திரி உயர்ந்தால் அணைந்துவிடும். எண்ணெய் தீர்ந்தால் சுடர் தண்ணீரில் தானாக அணையும். மண்ணெண்ணெய் மாதிரி கவிழ்ந்தால் பற்றிக்கொள்ளும் ஆபத்து இதில் ரொம்பக் குறைவு.

லாபிஸ் தோட்டத்துக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா சொன்ன தண்ணீர் விஷயத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் கிடக்கும் நீல டிரம்மையும் மருந்துத் தோம்பையும் தண்ணீர் பிடிக்க எடுக்காதீர்கள், பத்துத் தடவை கழுவினாலும் வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய தோம்புகள் இன்னும் கொட்டகைகளில் இருக்கின்றன. லேபிள் கிழிந்திருந்தால் உள்ளே என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மைலோ டின், பிஸ்கட் டின், சமையல் எண்ணெய்த் தோம்பு, இவை மட்டும் சாப்பாட்டுப் பக்கம் வரட்டும்.

அண்ணே, ஒரு கேள்வி. இப்போது லோரிகள் எல்லாம் டியூப் இல்லாத டயருக்கு மாறிவிட்டன. டியூப் எங்கே கிடைக்கும்?

பெக்கோக் லோரிக்காரர்:

பழைய டிராக்டர்களுக்கு இன்னும் டியூப்தான். டயர் கடைகளில் ஒட்டுப்போட்டுத் தேறாததை ஓரமாகப் போட்டிருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். பட்டை வெட்ட அதுவே போதும். மிதவைக்கு என்றால் ஓட்டை இல்லாததாகப் பார்த்து வாங்கி, காற்றடித்து ஓர் இரவு வைத்துச் சோதியுங்கள். வெயில் படாத இடத்தில் லேசாகப் பவுடர் தூவி மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு வெடித்துப்போகும். நவம்பருக்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.