உயிலில் உள்ள கையெழுத்தை ஆய்வுக்கு அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் பெரியப்பா இறந்த பிறகு ஒரு உயில் வெளியே வந்திருக்கிறது. அதில் இருப்பது அவர் கையெழுத்துதானா என்று எனக்குச் சந்தேகம். சொத்தைவிட, அவர் உண்மையில் என்ன விரும்பினார் என்று தெரிய வேண்டும். கையெழுத்து நிபுணரிடம் போகப் போகிறோம்.

ஒப்பிட என்னிடம் இருப்பவை உயிலுக்கு 10 ஆண்டு முந்தைய கையெழுத்துகள். அப்போது கை திடமாக இருந்தது. கடைசி 2 ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் நடுங்கியது. கோட்டில் தெரியும் நடுக்கம் நோயால் வந்ததா, யாரோ பார்த்து மெதுவாக வரைந்ததால் வந்ததா என்று பிரித்தறிய, அதே காலத்துக் கையெழுத்துகள் வேண்டுமாம். வங்கிப் படிவம், மருத்துவமனை ஒப்புதல் தாள் தவிர வேறு எங்கே தேடலாம்?

எங்களிடம் உயிலின் நகல்தான் இருக்கிறது. நகலில் பேனாவின் அழுத்தமும், பேனாவைத் தூக்கி மறுபடி வைத்த இடங்களும் சரியாகத் தெரியாது. மூலத்தையே நிபுணர் பார்க்க நீங்கள் எப்படி அனுமதி வாங்கினீர்கள்?

அப்புறம், சாட்சிகள் இருவரும் தங்கள் முன்னால்தான் அவர் கையெழுத்துப் போட்டார் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அதற்கு எதிராக நிபுணரின் கருத்து மட்டும் நிற்குமா? இப்படி வழக்கு நடத்தியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.