கனமும் வேண்டும், மெட்டும் வேண்டும்: கோரஸில் சிக்கிக்கொண்டோம்

நண்பர்களே, எங்கள் மெட்டல் பாட்டு கோரஸில், அதாவது பல்லவி போலத் திரும்ப வரும் பகுதியில், வந்து நிற்கிறது. கிட்டார்கள் டிராப் சி டியூனிங், அதாவது வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதி. கீழ்க் கம்பி சுமார் 65 ஹெர்ட்ஸ். வெர்ஸில் (சரணம் போன்ற பகுதி) ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) உறுமல் குரலும் இடியாக விழுகின்றன. பாடும் குரல் நுழைந்ததும் பாட்டு மெலிந்துவிடுகிறது. கிட்டாரை ஏற்றினால் குரல் மூழ்குகிறது. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டும் மோதுகின்றன.

1990களில் ஸ்வீடனின் கோதன்பர்க் இசைக்குழுக்கள் குரலை உறுமவிட்டு, மெட்டை இரட்டைக் கிட்டாருக்குக் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி அது. ஆனால் எங்கள் பாடகியின் குரலை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கோரஸிலும் ரிஃப்பை அப்படியே ஓடவிட்டு மேலே பாடலாமா? இல்லை, நீண்ட கார்டுகளுக்கு மாறி, இரு கால்களாலும் அடிக்கும் டபுள் பாஸ் டிரம்மில் கனத்தைத் தாங்கலாமா? அப்புறம், கெயினை (கிட்டார் ஒலியின் கரகரப்பைக் கூட்டும் அளவு) குறைத்தால் கனம் கூடும் என்கிறார்களே, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.